இரண்டு கப்பல்களுக்கு நடுவே

நம் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் வழக்கமாக முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். பெங்களூரில் கடலே கிடையாது, பீன்யா தொழிற்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வடம் இழுக்கும் வின்ச்சுக்கு எப்படி சார் ரிப்பேர் பார்க்கிறோம் என்று. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் போன வாரம் நான் வந்திருந்தபோது கேன்டீனில் உங்களில் ஒருவர் கேட்டது வேறு கேள்வி. "சார், செக் பண்ண எல்லாமே கரெக்டா இருக்கு. ஆனா மனசுக்கு மட்டும் சரியாப் படல. அப்ப என்ன பண்றது? கஸ்டமர்கிட்ட போயி மனசுக்கு சரியாப் படலன்னு சொல்ல முடியுமா?"

மேஜையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். தொம்மலூர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. சீட் கிடைத்தும் எழுந்து நின்றுகொண்டே போனேன். ரிட்டயர் ஆகியும் விடாத பழக்கம் இது: ஒரு விஷயம் உள்ளே குடையத் தொடங்கினால் கால் ஓரிடத்தில் நிற்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில் நடந்தது. ஒரு நாள் மத்தியானம் சர்வீஸ் மேனேஜர் என் டேபிளுக்கே வந்தார். வழக்கமாக ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார். கன்னடக்காரர், ஆனால் எங்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுவார்.

"மும்பைல நம்ம டேங்கர் நிக்குது. வின்ச்ல எண்ணெ ஒழுகுது. அவங்க சீக்கிரமே கெளம்பணுமாம். இன்னிக்கு ராத்திரி வண்டிக்கே போயிடறீங்களா?"

டேங்கர் என்று அவர் சொன்னது சாதாரண எண்ணெய்க் கப்பலை அல்ல, கடற்படையின் கப்பலை. போர்க்கப்பல்கள் கிளம்பி நடுக்கடலுக்குப் போய்விட்டால் எண்ணெய்க்காகத் திரும்பத் திரும்பக் கரைக்கு வந்துகொண்டிருக்க முடியாது. அதனால் அவற்றோடு கூடவே ஒரு பெரிய கப்பல் போகும். எண்ணெய், குடிதண்ணீர், அரிசி, கோதுமை மாவு, வெங்காயம், உதிரிப் பாகம், தபால்பை வரைக்கும் அதன் வயிற்றுக்குள் இருக்கும். அதைக் கொடுக்கும் விதம்தான் விசேஷம். இரண்டு கப்பல்களும் நிற்காமல், ஒரே வேகத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குக் குறுக்கே ஒரு கம்பிவடத்தை இறுக்கிக் கட்டி, அதில் எண்ணெய்க் குழாயைத் தொங்கவிட்டு அனுப்புவார்கள். அலையில் இரண்டு கப்பல்களும் நெருங்கும், விலகும். வடம் தொய்ந்தால் குழாய் கடலில் விழும். அளவுக்கு மீறி இறுகினால் வடம் அறுந்துவிடும். இரண்டும் நடக்காமல் வடத்தை ஒரே இறுக்கத்தில் வைத்திருக்கும் இந்த வின்ச் கருவியைத்தான் நம் கம்பெனி பராமரித்தது. ஆள் உயரத்தைவிடப் பெரிய இரும்பு உலக்கை ஒன்று, எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கப்பல்கள் நெருங்கினால் உலக்கை எழுந்து தொய்வை வாங்கிக்கொள்ளும். விலகினால் இறங்கி வடத்துக்கு இடம் கொடுக்கும்.

அறுந்த வடம் என்ன செய்யும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. அதன் அடியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஆஸ்டின் டவுனில் இருந்த வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒக்கலிபுரம் வந்ததும் வண்டிகள் எறும்பு வரிசை மாதிரி நின்றுவிட்டன. ரயில் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கூவுகிறது, ஆட்டோ அசையவில்லை. டூல் பாக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினேன். கடைசிப் பெட்டியில்தான் ஏற முடிந்தது. மும்பை வரும்வரை மூச்சு முழுசாக இறங்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

கப்பலில் என்னை வரவேற்றது போசன். மேல்தளத்து வேலை முழுவதற்கும் தலைவர் அவர்தான். பெயர் அந்தோணி, தூத்துக்குடிக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பெங்களூர்லயா கப்பல் சாமான் செய்யுதீங்க? அங்க தண்ணியே குழாய்ல ஒழுங்கா வராதுன்னுல்லா சொல்லுதாவ!"

"அதனாலதான் அண்ணாச்சி, ஒழுகற எதையும் விடமாட்டோம்."

ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்போடேயே ஒன்று சொன்னார். அவர் போசனாக இருக்கும் காலத்தில், அந்த மேல்தளத்தில் ஒரு தடவைகூட எண்ணெய் கொடுப்பது பாதியில் நின்றதில்லையாம். சொல்லும்போது வின்ச்சின் மேல் கையை வைத்திருந்தார், மாட்டுக்காரன் காளையின் முதுகில் வைப்பது மாதிரி.

ஒழுகிய ரப்பர் சீல்களை மாற்றினேன், எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினேன், துறைமுகத்தில் நின்றபடியே பாரம் கட்டி இழுத்துப் பார்த்தோம். உலக்கை வெண்ணெய் மாதிரி ஏறி இறங்கியது. எனக்குத் திருப்திதான். அதையும் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சாமான்களைக் கட்டும்போது கேப்டன் ஆள் அனுப்பினார். வெளியே மழைக்கால அலை எழும்பிவிட்டது, ரிப்பேர் பார்த்த கருவியை முதல் தடவை ஓட்டும்போது ரிப்பேர் பார்த்தவனும் கூட இருந்தால் நல்லது, வர முடியுமா என்று கேட்டார். மேனேஜருக்கு போன் போட்டேன். அவருக்குச் சந்தோஷம். "போயிட்டு வாங்க. பெரிய எடம். நல்ல பேரு கெடைக்கும்." கம்பெனிக்கு அப்போது அந்தக் கடற்படை வேலையை விட்டால் பெரிதாக வேறு ஆர்டர் இல்லை. அது அவர் குரலில் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்கு போன் செய்து சுகுணாவைக் கூப்பிடச் சொன்னேன். என் மனைவி. கார்மென்ட்ஸ் பாக்டரியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புகிற வேலை.

"கடலுக்கா? உனுக்கு மைசூர் பஸ்லயே வாந்தி வரும்" என்றாள்.

"கேப்டனே கேக்கறாரு. வேணாம்னு எப்டி சொல்றது?"

"வாயாலதான்" என்றாள். பிறகு, "சரி போ. எலுமிச்சம்பழம் வாங்கிக்க" என்றாள்.

எலுமிச்சம்பழம் ஒன்றும் செய்யவில்லை. கரை மறைந்ததிலிருந்து நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. படுத்தால் வயிறு புரட்டியது, நின்றால் தலை சுற்றியது, அதனால் நடந்தேன். மெஸ்ஸிலிருந்து மேல்தளம், மேல்தளத்திலிருந்து வின்ச், வின்ச்சிலிருந்து மறுபடி மெஸ். ஏற்கெனவே முடுக்கிய போல்ட்டுகளை மறுபடி தொட்டுப் பார்ப்பேன். அந்தோணி அண்ணாச்சி ஒரு தடவை என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "சார், நீங்க நடக்க நடக்க எங்க பயலுவளுக்கும் வயித்தக் கலக்குது. செத்த உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் எழுந்துவிட்டேன்.

எண்ணெய் வாங்க வேண்டிய கப்பல் காலையில் தெரிந்தது. எங்களைவிடச் சிறிய போர்க்கப்பல். பல நாட்களாக வெளியே சுற்றிவிட்டு வருகிறது, டாங்கியில் எண்ணெய் ஏறக்குறைய அடிக்கு வந்துவிட்டது என்று டெக் ஆபீசர் சொன்னார். எண்ணெய் குறையக் குறைய அந்த மாதிரிக் கப்பல் லேசாகி அலையில் அதிகமாக ஆடும். அன்று அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூக்கைத் தண்ணீரில் குத்தி, எடுத்து, சிலுப்பிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்தது. இரண்டு கப்பலுக்கும் நடுவில் கடல் கொதிக்கிற பால் மாதிரி பொங்கியது.

முதலில் ஒரு மெல்லிய கயிறு பறந்து போனது. அதைப் பிடித்து அவர்கள் கொஞ்சம் தடித்த கயிற்றை இழுத்தார்கள், அதில் இன்னும் தடித்தது, கடைசியில் நம் கம்பிவடம். அவர்கள் கொக்கியில் மாட்டினார்கள். உலக்கை உயிர் வந்ததுபோல் எழுந்தது. குழாய் ஆடி ஆடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பம்ப் ஓடத் தொடங்கிக் குழாய் விறைத்தது. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கப்பல்களும் நெருங்கியபோது உலக்கை உடனே எழவில்லை. கண் இமைக்கும் நேரம் தயங்கியது. பிறகு ஒரேயடியாகத் துள்ளி எழுந்தது. வடம் தொய்ந்து, அடுத்த கணமே வீணைக் கம்பி மாதிரி விண்ணென்று அதிர்ந்தது.

பெரிய அலை என்று நினைத்தேன். அழுத்த மானியைப் பார்த்தேன். முள் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. வின்ச் ஓட்டுகிறவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மெதுவாக வடத்தை விட்டும் இழுத்தும் கொண்டிருந்தான்.

மறுபடியும் அதே தயக்கம், அதே துள்ளல்.

அந்தோணி அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். காற்றில் கத்தித்தான் பேச வேண்டும். "அண்ணாச்சி! உலக்கை தயங்குது, பாத்தீங்களா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் உலக்கை அழகாக ஏறி இறங்கியது. "அலை சார், அலை! இந்த மாசத்துல இப்டித்தான் அடிக்கும்!"

அவருக்குக் கடல் தெரியும். எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் பாரம் இழுத்தது நல்லபடியாக முடிந்ததை என் கண்ணால் பார்த்தேன். மானி சரி என்கிறது. அந்தப் பக்கம் எண்ணெய்க்காகக் காத்திருக்கிற கப்பல். பெங்களூரில் இந்த ஒரே ஆர்டரை நம்பி இருக்கிற கம்பெனி. இவ்வளவும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்னிடம் இருந்ததெல்லாம் இரண்டு தடவை கண்ணில் பட்ட ஒரு தயக்கம்.

மூன்றாவது துள்ளலுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னொன்று வரட்டும், வந்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது வந்தது. வடம் அதிர்ந்த அதிர்வில், அதன் நேர் அடியில் நின்ற ஒரு மாலுமி தன்னையறியாமல் தலையைத் தாழ்த்தினான். நிச்சயம் எதுவும் வரவில்லை, பயம்தான் கூடியது. நான் டெக் ஆபீசரிடம் போனேன்.

"சார், நிறுத்திடுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். வடத்தை எடுத்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மிஞ்சிப் போனால் முப்பது வயது இருக்கும். "ஆர் யூ ஷ்யூர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஷ்யூரா இல்ல சார். ஆனா நிறுத்திடுங்க."

இந்தப் பதிலோடு ஓர் ஆபீசர் என்ன செய்ய முடியும்? யோசித்துப் பாருங்கள். அவர் வின்ச்சைப் பார்த்தார், அந்தோணியைப் பார்த்தார், அந்தோணி கையை விரித்தார். பிறகு அவர் காதில் மாட்டியிருந்த போனில் மேலே கேப்டனிடம் பேசினார். மேலேயிருந்து என்ன பதில் வந்ததோ, அடுத்த நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் விசில் அலறியது. பம்ப் நின்றது. அந்தப் பக்கத்தில் ஆட்கள் ஓடினார்கள், குழாயைக் கழற்றினார்கள், கொக்கியைத் தட்டிவிட்டார்கள். வடம் தண்ணீரில் விழுந்து, எங்கள் பக்கம் இழுபட்டு வந்தது. சிறிய கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விலகிப் போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

உடனே வின்ச்சைத் திறந்தோம். அந்த ஆட்டத்தில், ஒருவர் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, வால்வை ஒவ்வொரு துண்டாகக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. சீல்களைப் பார்த்தேன், நான் மாட்டிய மாதிரியே இருந்தன. எண்ணெயை விரலில் தேய்த்தேன். ஒரு தூசி இல்லை. எண்ணெய்க்குள் காற்று சிக்கியிருந்தாலும் உலக்கை அப்படித் தயங்கும். ஆனால் திறந்ததுமே காற்று போய்விடும். இருந்ததற்குச் சாட்சி இருக்காது. இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும்தான்.

அந்தோணி அண்ணாச்சி சுற்றி நின்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன சார் கெடைச்சுது?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணும் இல்ல." அதையே திருப்பிச் சொன்னார். "அந்தக் கப்பக்காரன் முன்னால எங்க மானத்த வாங்கிட்டீங்களே சார். இத்தன வருசத்துல என் டெக்குல இந்த விசில நான் கேட்டதே இல்ல." கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். போய்விட்டார்.

அலை இன்னும் ஏறியது. பக்கத்தில் வைத்து மறுபடி முயற்சி செய்ய வேண்டாம் என்று கேப்டன் முடிவெடுத்தார். பழைய முறை ஒன்று உண்டு. பெரிய கப்பல் முன்னால் போக, பின்பக்கத்திலிருந்து மிதக்கும் குழாயை நீளமாகக் கடலில் விடுவார்கள். சிறியது பின்னாலேயே வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இறுகிய வடம் கிடையாது, ஆபத்து குறைவு. ஆனால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். அன்று பொழுது சாயும்வரை கொடுத்தும் பாதிதான் கொடுக்க முடிந்தது. அந்தக் கப்பல் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பியது என்று பிறகு தெரிந்தது. என் ஒரு வார்த்தைக்கு அதுதான் விலை. அது சின்ன விலை என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

சாயங்காலம் கேப்டன் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். உட்காரச் சொன்னார். என்ன பார்த்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடித்ததும், "நாளைக்கும் இதையே பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்றார்.

"மறுபடியும் சொல்லுவேன் சார். ஆனா இன்னிக்கவிட அதிகமா பயந்துகிட்டுச் சொல்லுவேன்."

"பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் நான்காவது தடவையில்தான் வாயைத் திறந்தீர்கள். இரண்டாவதிலேயே என் ஆபீசரிடம் வந்து, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தால், நான் ஆட்களை வடத்துக்கு அடியிலிருந்து நகர்த்தியிருப்பேன். பம்ப் வேகத்தைக் குறைத்திருப்பேன். யோசிக்க எனக்கு நேரம் கிடைத்திருக்கும். நீங்கள் சந்தேகத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் என்னிடம் கொடுத்தீர்கள்." ஆங்கிலத்தில் சொன்னார், பொருள் இதுதான். கடைசியாக, "கடலில் சந்தேகத்தைத் தனியாகச் சுமக்கக் கூடாது. அதற்குத்தான் இத்தனை பேர் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் காபி வரவழைத்தார்.

என் சர்வீஸ் முழுவதிலும் யாரும் எனக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொன்னதில்லை. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. உங்கள் கேள்விக்குப் பதிலில் பாதி இதில் இருக்கிறது. மனசுக்குச் சரியாகப் படவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அது சந்தேகமாக இருக்கும்போதே சொல்லுங்கள். முற்றிப்போய்க் கூச்சலாக ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.

மீதிப் பாதி லேசில் கிடைக்கவில்லை.

பெங்களூர் திரும்பியதும் மேனேஜர் அறைக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் கடற்படையிலிருந்து அடுத்த ஆர்டர் பற்றிப் பேச்சே வரவில்லை. ஒர்க்ஷாப்பில் பாதி மிஷின்கள் சும்மா நின்றன.

"ரிப்போர்ட்ல இன்னா எழுதறது? எல்லாம் கரெக்டா இருந்துச்சு, ஆனாலும் நிறுத்துனோம்னா?"

"அதான் சார் நடந்துச்சு."

"ஸ்வல்ப, கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அல்லவா? போசனே அலைன்னு சொன்னாரு. இத்தன வருஷம் கடல்ல இருக்கற ஆளு."

"பொறுத்திருக்கலாம் சார்" என்றேன். "பொறுத்து ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

என்னைக் கப்பல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் ஊரெங்கும் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் அடித்தளத்தில் கார் ஏற்றி இறக்கும் லிஃப்ட் போடும் வேலைக்கு நான் போனேன். கோரமங்களாவில் ஒன்று, ஏர்போர்ட் ரோட்டில் ஒன்று, வைட்ஃபீல்டில் ஒன்று என்று பைக்கில் சுற்றுவேன். வேலை குறைவில்லை. ஆனால் கார் லிஃப்ட் தளத்தைத் தொடுவதற்கு முன் லேசாகத் தயங்கினால் போதும், வால்வை மறுபடி திறந்து பார்ப்பேன். சிக்னலில் நிற்கும்போது அந்த நான்கு துள்ளல்களையும் மனதில் ஓட்டிப் பார்ப்பேன். சில நாள் தெளிவாகத் தெரியும், நான் பார்த்தது பார்த்ததுதான் என்று. சில நாள், வாந்தியும் தலைசுற்றலும் சேர்ந்து என் கண்ணை ஏமாற்றிவிட்டது என்று தோன்றும். இரண்டில் எது உண்மை என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்குச் சாதகமாகத்தான் தெரிய வேண்டும் என்றில்லை, எப்படியாவது தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகுணா பொறுமை இழந்துவிட்டாள். நான் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னா இப்டி நடந்துக்கினே கீற? கீழ் வீட்டுக்காரங்க கேக்கறாங்க, மேல இன்னா மாவு மிஷின் ஓடுதான்னு."

"நான் சொன்னது தப்பா இருந்தா?"

"நான் டெய்லி பீஸ் திருப்பி அனுப்பறேன். சூபர்வைசர் கத்துவான், தையல் நல்லாத்தான கீது, ஏன் ரிஜெக்ட்னு. சில பீஸ் நல்லாத்தான் இருந்திருக்கும். எனுக்குத் தெரியாதா? அதுக்குன்னு ஒன்னுமே திருப்பி அனுப்பாம ஒக்காந்திருந்தா, அப்பறம் நான் எதுக்கு அங்க?" சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள். அங்கிருந்தே, "ஒக்காரு. சாப்டு" என்றாள்.

அன்று உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆனால் முழுசாகத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

சில வருடங்கள் ஓடின. இரண்டாயிரம் பிறந்து, ஏர்போர்ட் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பிய காலம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு குழப்பம்.

"அதே டேங்கர்லேர்ந்து போன். வின்ச்ச முழுசாப் பிரிச்சுப் பாத்து, ஒரு தடவ கடல்ல ஓட்டிக் காட்டணுமாம். நல்ல ஆளு ரெண்டு பேர அனுப்பறோம்னு சொன்னேன். அதெல்லாம் வேணாம், நிறுத்துன ஆள் இருக்காருல்ல, அவர அனுப்புங்கன்னு சொல்றாங்க." என்னை ஏதோ புதிதாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். "நெஜமாவே உங்களத்தான் கேக்கறாங்க."

கேப்டன் மாறியிருந்தார், ஆபீசர்கள் எல்லாரும் மாறியிருந்தார்கள். இடையில் வேறொரு கப்பலுக்குப் போய்விட்டு, ரிட்டயர் ஆவதற்கு முன் கடைசியாக இதற்கே திரும்பி வந்திருந்தார் அந்தோணி அண்ணாச்சி. என்னைக் கேட்டது அவர்தான். தலை வெளுத்துவிட்டது. ஏணியில் ஏறி வந்த என் கையிலிருந்து டூல் பாக்ஸை அவரே வாங்கிக்கொண்டார்.

"எலுமிச்சம்பழம் கொண்டாந்தீயளா?"

"அதால ஒரு பிரயோஜனமும் இல்ல அண்ணாச்சி." கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். "என்னை ஏன் கேட்டீங்க? உங்க மானத்த வாங்குனவன் நான்."

அவர் என்னை வின்ச் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

"அதுக்கப்புறம் இதுல ஒரு கோளாறும் வரல சார். அன்னைக்கு நீங்க சொன்னது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியாது. அலைன்னுதான் இப்பவும் நெனைக்கேன். ஆனா அன்னைக்கு அந்த வடத்துக்கு அடியில நின்ன பயலுவ பேரெல்லாம் எனக்கு இப்பவும் மனப்பாடம். அதுக்கு முன்னால யார் பேரையும் நான் அப்படி நெனச்சுப் பாத்ததில்ல." வின்ச்சின் மேல் கையை வைத்தார். "நடுவுல எத்தனையோ பேர் வந்து பாத்துட்டு எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டுப் போனாவ. மானியப் பாத்துச் சொன்னானா, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னானான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க நிறுத்தச் சொல்லலைன்னா மட்டும் தெரியும் சார், தப்பா ஒண்ணும் உங்க கண்ணுல படலைன்னு."

உங்கள் கேள்விக்கான பதிலில் மீதிப் பாதி இதுதான். அவர் சொன்னதை அப்போது முழுசாக வாங்கிக்கொண்டேனா என்று தெரியவில்லை. வேலையைத் தொடங்கிவிட்டேன்.

கடலுக்குப் போனோம். அந்த முறையும் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். வேறொரு போர்க்கப்பல் பக்கத்தில் வந்து சேர்ந்தது. தொடங்கும் முன்பே புது டெக் ஆபீசரிடம் போய், நான் உலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், சின்னதாக எது தோன்றினாலும் வந்து சொல்லுவேன், சொன்னால் அவசரப்பட வேண்டாம், ஆனால் காதில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றார். கயிறு போனது, வடம் போனது, இறுகியது. குழாய் அந்தப் பக்கம் மாட்டியாயிற்று. பம்ப் தொடங்குவதற்கு முன் அந்தோணி அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"என்ன சார், ஓட்டலாமா?"

உலக்கையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கத்துக் கப்பலில் யாரோ கையை ஆட்டினார்கள், அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஓட்டலாம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் அண்ணாந்து வின்ச்சைப் பார்க்கவில்லை. மானியையும் பார்க்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பம்ப் ஓடத் தொடங்கியது.